செட்டிநாட்டு வீட்டுல கன்டெம்பரரி ஆர்ட் ஏலம்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் பெரிய வீடு வச்சிருக்கறவங்க ஒரு பக்கம், அந்த வீட்டுல ஆர்ட் ஏலம் நடத்தணும்னு ஆசைப்படற கேலரி, ட்ரஸ்ட், ஸ்கூல் பழைய மாணவர் சங்கம்னு இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன். என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன்: படத்துக்கு ஏத்த மாதிரி வீட்ட மாத்தாதீங்க, வீட்டுக்கு ஏத்த மாதிரி ஏலத்த மாத்துங்க.

மெட்ராஸ்ல ஏசி ஹால் இருக்கறப்போ இவ்ளோ தூரம் ஏன் வரணும்?

ஹோட்டல் ஹால்ல கார்ப்பெட், மஞ்ச லைட், ஸ்டாண்டுல படம், எதப் பாத்தாலும் ஷோரூம் மாதிரி தெரியும். வீட்டுல வச்சா வாங்க வந்தவருக்கு "இது நம்ம ஹால்ல எப்படி இருக்கும்"ங்கற கணக்கு தானா ஓட ஆரம்பிச்சிடும். அதுவும் முட்டைப்பூச்சு செவுரு, பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், ஆத்தங்குடி கல்லு, இதுக்கு நடுவுல ஒரு கருப்பு வெள்ளை அப்ஸ்ட்ராக்ட் நிக்கறப்போ ரெண்டுமே நல்லா தெரியும். புது ஐடியா ஒண்ணும் இல்ல, கொச்சி பியனாலேங்கற கலைத் திருவிழா 2012லேர்ந்து ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸ்ல நடந்தது, பழைய வியாபாரக் கட்டிடம்தான் அது. இங்கிலாந்துல சாட்ஸ்வொர்த் அரண்மனைத் தோட்டத்துல சத்பீஸ் ஏலக் கம்பெனி 2006ல ஆரம்பிச்சு பல வருஷம் சிற்பம் வச்சு வித்தாங்க.

ஆனா செலவு கம்மின்னு மட்டும் நெனச்சு வராதீங்க. ஹால்ல லைட், ஜெனரேட்டர், சேர், பாத்ரூம் எல்லாம் வாடகையோட வந்துடும், இங்க ஒவ்வொண்ணும் வெளிலேர்ந்து இறக்கணும். 25 படத்துக்குக் கீழன்னா ஊர்லயே ஒரு கேலரில பண்ணிட்டுப் போங்க, அதுதான் நிம்மதி.

வீட்டுக்காரர் சரின்னுட்டார், போதுமா?

எந்த வீட்டுக்காரர்? இதுதான் முதல் சிக்கல். இந்த வீடுங்க நிறைய இன்னும் பங்காளிகளுக்குப் பொதுவா இருக்கு, தாத்தா பேர்ல இருந்து அப்படியே வந்தது, வளவச் (நடு முற்றம்) சுத்தி இருக்கற ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு புள்ளியோடது, அதாவது கல்யாணமான ஒவ்வொரு பங்காளி குடும்பத்தோடது, ஒருத்தர் சிங்கப்பூர்ல, ஒருத்தர் கோலாலம்பூர்ல, ஒருத்தர் மைலாப்பூர்ல, சாவி மட்டும் ஊர்ல இருக்கற ஒரு பெரியவர்கிட்ட. சாவி வச்சிருக்கறவர் சரின்னு சொல்றது பர்மிஷன் ஆகாது. எல்லா பங்குக்காரங்க கையெழுத்தும் ஒரே லெட்டர்ல வாங்குங்க, எந்த ஏரியா வரைக்கும், எத்தன நாள், டேமேஜ் ஆனா யார் கட்டறது, இதெல்லாம் அதுலயே எழுதுங்க. வாட்ஸ்அப் குரூப்ல கட்டைவிரல் போட்டாங்கங்கறத நம்பி பந்தல் போடாதீங்க.

அப்புறம் சாமி வீடு, ரெட்டை வீட்டுல பொதுப் பூஜை ரூம், முன்னோருக்குப் படைக்கற படைப்பு சாமான் வச்சிருக்கற பெட்டி, இதெல்லாம் இருக்கற கட்டு (வீட்டோட அந்தப் பகுதி) முழுசா பூட்டியே இருக்கட்டும். "எட்டிப் பாத்துட்டு வந்துடறோம்"னு கேக்கற விருந்தாளி கண்டிப்பா வருவார். அந்த வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்.

வீட்டுல ஏலம்னா ஊர்ல தப்பா பேச மாட்டாங்களா?

பேசுவாங்க. பெரிய வீட்டு வாசல்ல "ஏலம்"னு பேனர் பாத்தா ஊர்ல முதல்ல தோணறது பேங்க் ஜப்திதான், சாயங்காலத்துக்குள்ள "அவங்க வீடு முங்கிடுச்சாமே"ன்னு மலேசியா வரைக்கும் போன் போயிடும். ஆச்சிங்க, அதாவது வீட்டுப் பெரிய பொம்பளைங்க, இதுக்காகவே வேணாம்னு நிப்பாங்க, அவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு. இந்தப் பக்கம் எத்தன வீடு இடிஞ்சு தூணும் கதவும் நிலையும் தனித்தனியா விலைக்குப் போச்சுன்னு அவங்க கண்ணால பாத்தவங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைங்கள்ல கெடக்கற எனாமல் டிபன் கேரியர், பெல்ஜியம் கண்ணாடி, மரப்பாச்சி எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுச் சீர் சாமான்தானே.

அதனால அழைப்பிதழ்ல பெருசா "ஓவியக் கண்காட்சி"ன்னு போடுங்க, கீழ ரெண்டாவது வரில "விற்பனைக்கும்". பிரிவ்யூ (ஏலத்துக்கு முன்னாடி பாக்க விடறது) முதல் நாள் காலையில ஊர்க்காரங்களுக்குத் தனியா திறந்து விடுங்க, காபி குடுங்க. வந்து பாத்துட்டா வதந்தி அங்கயே முடிஞ்சது.

எந்த மாசம் நல்லது?

மார்கழி, என்னைக் கேட்டா அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. அந்த மாசம் கல்யாணம் இல்ல, வீடு சும்மா இருக்கும், சமையல்காரங்க ஃப்ரீ, கச்சேரி சீசனுக்கு வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க எல்லாம் மெட்ராஸ்ல இருப்பாங்க, பல்லவன் ரயில்ல ஏறினா காரைக்குடி. பிளைட்டுன்னா திருச்சி இல்ல மதுரை, ரெண்டுலேர்ந்தும் ரோட்டுல சுமார் 90 கிமீ வரும். மழை மட்டும் டிசம்பர் பாதி வரைக்கும் பயமுறுத்தும், அதனால மார்கழி பின்பாதி. தை பொறந்துட்டா முகூர்த்தம் ஆரம்பிச்சிடும், வீடு கிடைக்காது. சித்திரை வைகாசி பத்தி பேசவே வேணாம்.

செவுத்துல ஆணி அடிக்கலாமா?

கூடாது. டபுள் சைட் டேப்பும் கூடாது, அந்தக் கொக்கி ஸ்டிக்கரும் கூடாது.

ஏன்னு சொல்றேன். இந்தச் செவுரு சிமெண்ட் இல்ல. சுண்ணாம்பு பல அடுக்கா பூசி, மேல் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேத்து, கல்லால தேய்ச்சு தேய்ச்சு பளபளப்பு ஏத்தினது. கைய வச்சுப் பாருங்க, மத்தியானம் கூட சில்லுனு பளிங்கு மாதிரி இருக்கும். அதுல ஒரு ட்ரில் ஓட்டினா ஓட்டை மட்டும் விழாது, சுத்தி ரூபா அகலத்துக்கு மேல் பூச்சு அப்பளமா பேந்து வரும். அத சரி பண்ற கொத்தனார் இப்ப விரல் விட்டு எண்ணற அளவுதான், அவர் பண்ணினாலும் பழைய பூச்சோட கலர் சேராது, சிமெண்ட் வச்சு அடைச்சா இன்னும் மோசம், ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு பக்கத்துலயும் உரியும்.

அப்ப படத்த எங்க மாட்டறது? முதல்ல தலைய நிமிந்து பாருங்க. முகப்புலயும் வளவுலயும் உசரத்துல வரிசையா பழைய கொக்கி இருக்கும், தாத்தா பாட்டி போட்டோ, ரவிவர்மா பிரஸ் சாமி படம், நிலைக்கண்ணாடி எல்லாம் முன்னாடி குனிஞ்சு பாக்கற மாதிரி சாய்ச்சு மாட்டியிருப்பாங்க. அந்தக் கொக்கில வெயிட் கம்மியான பேப்பர் ஒர்க்க மெல்லிசு ஸ்டீல் ஒயர்ல தொங்க விடலாம், ஆனா வீட்டுப் பெரியவங்க போட்டோவ இறக்கிட்டு அந்த இடத்துல மாட்டாதீங்க, அது வேற கதையாயிடும். பெரிய கேன்வாஸ் எல்லாம் தனியா நிக்கற பேனல்ல: ப்ளைவுட், அடில அகலமான பாதம், பாதத்துக்கு அடில கெட்டி ஃபெல்ட், மணல் மூட்டை பின்னாடி. பேனலுக்கும் செவுத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்க, சாய்க்க வேணாம். தூண்ல கயிறு கட்டறதா இருந்தா நடுவுல பருத்தித் துணி சுத்திட்டு கட்டுங்க.

ஆத்தங்குடி கல்லு நடந்தா தேயாது, நடக்க நடக்கதான் பளபளக்கும், ஆனா இழுத்தா கீறல் விழும். கலர் லேயர் மேலாப்புல மட்டும்தான் இருக்கு. எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும், டெம்போ ஆளுங்ககிட்ட இத கத்திச் சொல்லுங்க. ஆசிட் ஊத்தி கழுவறேன்னு யாராவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க.

வளவுல திறந்த வானம், படத்துக்கு வெயில் ஆகாதே?

ஆகாது. பேப்பர் ஒர்க், வாட்டர்கலர், போட்டோ எல்லாம் 50 லக்ஸ் வெளிச்சம், ஆயில் பெயின்டிங் 200 லக்ஸ் வரைக்கும்னு மியூசியம்ல ஒரு கணக்கு வச்சிருக்காங்க, வளவுல மத்தியான வெயில் பல ஆயிரம் இருக்கும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒருத்தர் ஒரு நாள் முழுக்க அங்க உக்காந்து, மணிக்கு ஒரு தடவ வெயில் விழற இடத்த சாக்பீஸால கோடு போடணும். கோட்டுக்குள்ள வர்ற இடத்துல வெண்கலம், கல், செராமிக். கோட்டுக்கு வெளில கேன்வாஸ். பேப்பர் எல்லாம் பட்டாலை ஹாலுக்கு உள்ளயோ ரெண்டாங்கட்டுலயோ. நேர் வெயில் மட்டும் இல்ல, மார்பிள் தரைல பட்டுத் தெறிக்கற வெளிச்சமும் கண்ணாடி ஃப்ரேம்ல முகம் பாக்கற மாதிரி பண்ணிடும்.

மேல வலை கட்டுங்க. வெயிலுக்கு இல்ல, புறாவுக்கு. ரெண்டு லட்ச ரூபா கேன்வாஸ் மேல புறா என்ன பண்ணும்னு நான் சொல்ல வேணாம்.

கனமான சிற்பம், இன்ஸ்டலேஷன் எல்லாம் மாடில வைக்கலாமா?

கீழ. மாடி தரை தேக்கு உத்தரத்து மேல நிக்குது, அதுக்கு வயசு நூறு. இன்ஜினியர் எழுதிக் குடுத்தா ஒழிய மாடில ஆளுங்க கூட்டமா நிக்கறதே எனக்குப் பிடிக்காது.

கரண்ட், பாதுகாப்பு?

வீட்டு வயரிங்க தொடவே வேணாம், வெளில ஜெனரேட்டர், தனி லைன், எல்ஈடி ஸ்பாட், முடிஞ்சது. படத்துப் பக்கத்துல குத்துவிளக்கு, அகல், சாம்பிராணி எதுவும் வேணாம். குத்துவிளக்கு ஏத்தறத வாசல் முகப்புலயே முடிச்சிடுங்க. தீயணைக்க தண்ணி வேணாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். ராத்திரி ரெண்டு வாட்ச்மேன், பின் வாசலையும் சேத்து, இந்த வீடுங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும்ங்கறத வெளியூர் செக்யூரிட்டி ஏஜென்சிக்கு சொன்னாத்தான் புரியும். இன்சூரன்ஸ் எடுக்கறப்போ ஆர்ட்டிஸ்ட் ஸ்டூடியோ செவுத்துலேர்ந்து எடுத்த நிமிஷத்துலேர்ந்து வாங்கினவர் வீட்டு செவுத்துல மாட்டற வரைக்கும் கவர் ஆகற மாதிரி கேளுங்க. ஒவ்வொரு படமும் வந்து இறங்கினதும் போட்டோ எடுத்து எந்த நிலைல இருக்குன்னு கண்டிஷன் ரிப்போர்ட், டிரைவர் முன்னாடியே.

யாரோட ஒர்க் வைக்கறது, எத்தன?

40 லாட் போதும், லாட்டுங்கறது ஏலத்துக்கு வர்ற ஒவ்வொரு உருப்படி. ஒரு லாட்டுக்கு 2 நிமிஷம்னு வச்சாலே 80 நிமிஷம், அதுக்கு மேல போனா ஜனம் எந்திரிச்சு வீட்ட சுத்திப் பாக்கக் கிளம்பிடும்.

இங்க ஒரு குழப்பத்த தீத்துடலாம். கே.சி.எஸ். பணிக்கர், ஆதிமூலம், சந்தானராஜ் இவங்க எல்லாம் மாடர்ன், மெட்ராஸ் மூவ்மென்ட் காலம். பணிக்கர் 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சார்ல, அந்த தலைமுறை. கன்டெம்பரரின்னா இப்ப வேலை பண்ணிட்டு இருக்கறவங்க. ரெண்டு மூணு மாடர்ன் பேர் இருந்தா கலெக்டருங்க வருவாங்க, அதுக்காக வைக்கலாம், ஆனா பேர் பெருசா இருக்கற இடத்துலதான் டூப்ளிகேட்டும் பெருசா இருக்கும். யார் வாங்கினது, எந்த வருஷம், எந்த ஷோல வந்தது, பழைய பில், கேட்லாக், ஏதாவது ஒரு காகிதம் இல்லாம இறந்துபோன ஆர்ட்டிஸ்ட் படத்த ஏத்துக்காதீங்க. உயிரோட இருக்கறவங்கன்னா நேரா அவங்ககிட்டயே வாங்கறது பெஸ்ட். எழும்பூர் பக்கம் கவர்மென்ட் காலேஜ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1850ல ஆரம்பிச்சது, கும்பகோணத்துலயும் ஒரு காலேஜ் இருக்கு, அங்கேர்ந்து வெளில வந்த பசங்களுக்கு ஒரு பத்து லாட்டாவது ஒதுக்குங்க. 20,000 ரூபாய்க்கு ஆரம்பிக்கற லாட் இருந்தாத்தான் முதல் தடவ வர்றவர் கை தூக்குவார்.

வீட்டுல இருக்கற பழைய தஞ்சாவூர் படம், வெண்கலச் சிலை ஒண்ணு ரெண்டையும் சேத்துக்கலாமா?

வேணாம், வேணாம், வேணாம். 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன சிற்பம், ஓவியம் எல்லாம் தொல்பொருள் கணக்கு, ஓலைச்சுவடின்னா 75 வருஷம் போதும். அத விக்கற தொழில் பண்ண லைசன்ஸ் வேணும், சிலை மாதிரி சாமானுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் உள்பட ஒன்பது பேரோட ஒர்க் தேசியக் கலைச்செல்வம்னு தனி லிஸ்ட், 100 வருஷம் ஆகலைன்னாலும் நாட்ட விட்டுப் போகக்கூடாது.

சட்டம் ஒரு பக்கம். ஒரு தடவ வீட்டுச் சாமான் மேடை ஏறிட்டா அப்புறம் வந்தவங்க படத்தப் பாக்க மாட்டாங்க, தூண் என்ன விலைன்னு கேப்பாங்க. பிரிவ்யூ அன்னைக்கே ஊஞ்சல் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு "இது குடுப்பீங்களா"ன்னு கேக்கற ஆள் உண்டு. வீட்டுச் சாமான் எல்லாத்துலயும் சின்னதா "விற்பனைக்கு இல்லை" கார்டு வச்சிடுங்க, நூல்ல கட்டி.

விலை எப்படி நிர்ணயம் பண்றது?

எஸ்டிமேட் ரெண்டு நம்பரா போடணும், கீழ் விலை, மேல் விலை. ரிசர்வ்ங்கறது அதுக்குக் கீழ விக்க மாட்டோம்ங்கற ரகசிய நம்பர், அது கீழ் எஸ்டிமேட்ட தாண்டக் கூடாது. ஆர்ட்டிஸ்ட்டோட கேலரி விலைல முக்கால் பங்குக்கு கீழ் எஸ்டிமேட் போட்டா ஏலம் சூடு பிடிக்கும், கேலரி விலையையே போட்டா ஒரு கை தூக்கும், அத்தோட நிக்கும். கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி 2013 டிசம்பர்ல மும்பை தாஜ்ல நடத்தின முதல் இந்திய ஏலத்துல ஓவியர் கைதொண்டே படம் 23.7 கோடி போச்சு, அத பேப்பர்ல படிச்சிட்டு வர்ற ஆர்ட்டிஸ்ட்டோட மச்சான்கிட்ட மட்டும் பொறுமையா பேசுங்க.

ஏலம் விடறது யாரு? மீன் மார்க்கெட்ல விடற மாதிரியா?

கிட்டத்தட்ட. நல்ல குரல், நம்பர்ல தடுமாறாம இருக்கணும், ஆள அடையாளம் தெரியணும். இங்கிலீஷ்ல மட்டும் ஓட்டாதீங்க, "ஒரு தரம், ரெண்டு தரம்"னு இழுக்கறப்போ உக்காந்திருக்கறவங்களுக்கு வர்ற படபடப்பு வேற எதுலயும் வராது. ஒவ்வொரு தடவ விலை எவ்ளோ ஏறணும்ங்கற படிய முன்னாடியே அச்சடிச்சு குடுங்க, உதாரணத்துக்கு 50,000 வரைக்கும் 2,000 ரெண்டாயிரமா, 1 லட்சம் வரைக்கும் 5,000, அதுக்கு மேல 10,000. வளவு கல்லு, மார்பிள், உசரக் கூரை எல்லாம் சேந்து எதிரொலிக்கும், ஒரு பெரிய ஸ்பீக்கர விட நாலு சின்னது தூணுக்குத் தூண் வைங்க. போன்ல கேக்கறவங்களுக்கு ஆள் தனியா, சிக்னல் முகப்புல கிடைக்கும், உள் கட்டுல கிடைக்காது, அதையும் டெஸ்ட் பண்ணிடுங்க.

சட்டம் தெரிஞ்சுக்கோங்க: 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 64வது பிரிவு. சுத்தியல் விழற வரைக்கும் கேட்டவர் வாபஸ் வாங்கலாம், விழுந்துட்டா வியாபாரம் முடிஞ்சது. இத ஆரம்பத்துலயே மைக்ல சொல்லிடுங்க.

டல்லா போனா நம்ம ஆள் ஒருத்தர் நடுவுல ஏத்தி விடலாமா?

எல்லாரும் இத சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க. கூடாது. அதே 64வது பிரிவுதான், விக்கறவர் தான் கேப்பேன்னு முன்கூட்டியே சொல்லாம கேட்டாலோ, ஆள் வச்சு பொய்யா ஏத்தினாலோ, வாங்கினவர் நெனச்சா வியாபாரத்தையே ரத்து பண்ணலாம். அதுக்கும் மேல, வந்திருக்கற 80 பேரும் சொந்தக்காரங்களும் தெரிஞ்சவங்களும்தான், மூணாவது வரிசைல கை தூக்கறது யாரோட சின்ன மாமான்னு பாதிப் பேருக்குத் தெரியும்.

காசு, ஜிஎஸ்டி, கேஷ்?

2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கவே கூடாது, வருமான வரிச் சட்டப்படி காச வாங்கினவங்களுக்கு அதே அளவு அபராதம். 2 லட்சத்துக்கு மேல பான் நம்பரும் வேணும், அதனால பேடில் (ஏலத்துல தூக்கற நம்பர் அட்டை) குடுக்கறப்பவே பான் காப்பி வாங்கிடுங்க. கையால வரைஞ்ச ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 12ஆ இருந்தது 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5 சதவீதம். ஹேமர் விலைக்கு (சுத்தியல் விழுந்த விலை) மேல நீங்க வாங்கற கமிஷன எப்படி பில் போடறதுங்கறது ஆடிட்டர் வேலை, ஆனா வாங்கறவருக்கு மொத்தம் எவ்ளோ வரும்னு கேட்லாக்லயே ஒரு உதாரணம் போட்டுடுங்க. 1 லட்சம்னு கை தூக்கிட்டு பில்ல பாத்து முகம் சுருங்கறது நல்லா இருக்காது. தர்ம காரியத்துக்கான ஏலம்னாலும் படம் வாங்கின காச அப்படியே டொனேஷன்னு ரசீது போட்டுத் தர முடியாது, அதுக்குப் பதிலா பொருள் கைல வாங்கிட்டார் இல்லையா.

ஆர்ட்டிஸ்டுக்கு என்ன கிடைக்கும்?

தர்ம ஏலம்னா "சும்மா குடுங்க"ன்னு கேக்கற பழக்கத்த விட்டுடுங்க. பாதியாவது அவங்களுக்குப் போகட்டும். வருஷத்துக்கு நாலு பேர் இப்படி இலவசமா கேட்டா அவங்க நல்ல படத்த ஏன் குடுக்கப் போறாங்க, ஸ்டூடியோ மூலைல நிக்கறதுதான் வரும். படம் வித்தாலும் காப்பிரைட் ஆர்ட்டிஸ்ட்கிட்டதான் இருக்கும், வாங்கினவர் அத காலண்டரா அடிக்க முடியாது. கேட்லாக்ல போடறதுக்கும் எழுத்துல அனுமதி வாங்குங்க. ஏற்கனவே ஒருத்தர் வாங்கின படம் மறுபடி ஏலத்துக்கு வந்தா, 10,000 ரூபாய்க்கு மேல போனா, காப்பிரைட் சட்டம் 53ஏ படி ஆர்ட்டிஸ்டுக்கோ வாரிசுக்கோ பங்கு கேக்கற உரிமை இருக்கு, உச்சம் 10 சதவீதம். கேக்கறவங்க கம்மி. நீங்களா குடுத்தா அடுத்த ஏலத்துக்கு நல்ல படம் தானா வரும்.

சாப்பாடு? சரக்கு?

ஏலம் முதல்ல, பந்தி அப்புறம். கோழி வறுவலும் பால் பணியாரமும் சாப்பிட்டவன் கை எங்க தூக்கப் போறான். பிரிவ்யூ நேரத்துல காபி, கந்தரப்பம் மாதிரி எண்ணெய் பலகாரம் எல்லாம் படம் இருக்கற கட்டுக்கு வெளில, கை கழுவிட்டுத்தான் உள்ள. மது, தனி லைசன்ஸ், சாமி இருக்கற வீடு, ஆச்சி முகம், இவ்ளோ தலைவலி தேவையே இல்ல. பானகம் குடுங்க.

விக்காத படம்?

10 லாட் நின்னா பதறாதீங்க, சகஜம். அன்னைக்கே ராத்திரி ரிசர்வ் விலைல ஆஃப்டர் சேல், அதாவது ஏலம் முடிஞ்சப்புறம் வாங்கறதுக்கு, கேக்க ஆள் வருவாங்க, பந்தில உக்காந்திருக்கறப்பவே கேப்பாங்க. மிச்சத்த 15 நாளுக்குள்ள ஆர்ட்டிஸ்ட் வீட்டுக்கு உங்க செலவுல திருப்பி அனுப்பணும்.

வீட்ட திருப்பி ஒப்படைக்கறப்போ?

முதல் நாள் எடுத்த வீடியோவ கைல வச்சுக்கிட்டு சாவிக்காரரோட ரூம் ரூமா நடங்க. தரை, தூண், கொக்கி, கதவுத் தாப்பா, வளவு ஓரத்துல மழைத்தண்ணி போற வாய்க்கால், அதுல ஃபெல்ட் துண்டும் கேபிள் டையும் அடைச்சுக்கிட்டு இருக்கும், கைய விட்டு எடுத்துடுங்க. வலைய அவுத்தாச்சான்னு பாருங்க. வேலை பாத்த ஊர் ஆளுங்களுக்கு அன்னைக்கே கைல காசு, மெட்ராஸ் போய் ஜிபே பண்றேன்னு சொல்லாதீங்க.